சென்னை சமன் டெஸ்ட் போட்டி, 1986

சென்னை சமன் டெஸ்ட் போட்டி என்பது 1986ஆம் ஆண்டு செப்டம்பர் 18 முதல் 22 வரை சென்னை சேப்பாக்கம் எம். ஏ. சிதம்பரம் விளையாட்டரங்கில் இந்திய, ஆஸ்திரேலியத் துடுப்பாட்ட அணிகளுக்கு இடையே நடைபெற்ற போட்டியாகும். இரு அணிகளும் தத்தம் இரண்டு இன்னிங்சுகளிலும் சேர்த்து 744 ஓட்டங்களையே எடுத்ததால் இப்போட்டி சமனில் முடிந்தது. 1877ஆம் ஆண்டு முதல் ஆடப்பட்டுவரும் டெஸ்ட் போட்டிகளுள் இவ்வாறு சமனில் முடிந்தவை இரண்டே. முதலாவது, 1960ஆம் ஆண்டு டிசம்பரில் பிரிஸ்பேன் நகரில் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடியது. இரண்டாவது இது.

இப்போட்டி எந்தக் கோப்பைக்கான இறுதி ஆட்டமும் அன்று. மூன்று போட்டிகள் கொண்ட தொடரின் முதல் போட்டி மட்டுமே. ஆயினும் ஒரு விளையாட்டுப் போட்டியைச் சிறந்தது என்று எதைக் கொண்டு சொல்வது என்ற பேச்சு எழும்போதெல்லாம், புகழ்பெற்ற இறுதிப் போட்டிகளுடன் இதுவும் எடுத்துக்காட்டப்படுகிறது.

சமன் என்பதன் பொருள்

துடுப்பாட்டத்தில் சமன் வேறு, டிரா வேறு. செய்தித்தாள்களிலும் பேச்சு வழக்கிலும் இவ்விரண்டும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன. குறித்த நாட்களுக்குள் ஆட்டம் முடிவு பெறாமல் நின்றுவிட்டால் அது டிரா. எந்த அணி எவ்வளவு ஓட்டங்கள் எடுத்திருந்தது என்பது அங்கு பொருட்டன்று. மாறாக, கடைசியாக மட்டை பிடிக்கும் அணியின் இன்னிங்ஸ் நிறைவடைந்து, அந்நிலையில் இரு அணிகளின் மொத்த ஓட்டங்களும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அது சமன் ஆகும். ஓட்டங்கள் ஒன்றாக இருந்தும், கடைசி விக்கெட் விழாமல் நேரம் முடிந்துவிட்டால் அது டிராவே. அத்தகைய டிரா முதன்முதலாக 1996ஆம் ஆண்டு புலவாயோவில் சிம்பாப்வேயும் இங்கிலாந்தும் ஆடிய டெஸ்ட் போட்டியில் நேர்ந்தது. 2011இல் மும்பையில் இந்தியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய போட்டியும் அவ்வாறே முடிந்தது. சென்னையில் நடந்ததன் அருமையை உணர இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

பின்னணி

1986இல் ஆஸ்திரேலிய அணி வலுக்குன்றிய நிலையில் இருந்தது. முந்தைய ஆண்டு இங்கிலாந்தில் ஆஷஸ் தொடரை இழந்து, பின்னர் நியூசிலாந்திடமும் தோற்றிருந்தது. ஆலன் பார்டர் அணித்தலைவர். பாப் சிம்ப்சன் பயிற்சியாளர். இந்த சிம்ப்சன் 1960இல் பிரிஸ்பேன் சமன் போட்டியில் ஆஸ்திரேலியாவுக்காக ஆடியவர். இரண்டு சமன் போட்டிகளிலும் பங்கு கொண்டவர் என்ற பெருமை அவருக்கு இப்போட்டியால் வாய்த்தது.

இந்திய அணியின் தலைவர் கபில் தேவ். சுனில் கவாஸ்கருக்கு இது இடைவிடாமல் ஆடிய 100ஆவது டெஸ்ட் போட்டி. உள்ளூர் வீரரான கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் அவருடன் தொடக்க ஆட்டக்காரராகக் களமிறங்கினார்.

முதல் நான்கு நாட்கள்

நாணயச் சுழற்சியில் வென்ற ஆஸ்திரேலியா முதலில் ஆடியது. டேவிட் பூன் 122 ஓட்டங்கள் எடுத்தார். ஆனால் இந்த இன்னிங்ஸ் நினைவுகூரப்படுவது டீன் ஜோன்ஸ் எடுத்த 210 ஓட்டங்களுக்காக. அவருக்கு அது மூன்றாவது டெஸ்ட் போட்டிதான். முதல் இரண்டையும் 1984இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடிவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அணியில் இடமின்றி இருந்தவர்.

செப்டம்பர் மாதச் சென்னையின் வெயிலைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. மெல்போர்னிலிருந்து வந்தவருக்கு அது வேறு. கடலுக்கு அருகில் இருந்தும் காற்று நுழையாத அரங்கம்; பின்புறம் பக்கிங்காம் கால்வாயின் நாற்றம்; உடலில் நீர் வற்றிப்போகும் புழுக்கம். ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கும் மேல் மட்டை பிடித்தார். ஆடுகளத்தின் ஓரத்திலேயே பலமுறை வாந்தி எடுத்தார். தசைகள் பிடித்துக்கொண்டதால் ஓடி எடுக்க இயலாமல் பந்தை எல்லைக்கு அடிக்கவே முயன்றார். 170 ஓட்டங்களை எட்டியபோது, இனி முடியாது, வெளியேறுகிறேன் என்றார். எதிர்முனையில் நின்ற பார்டர், அப்படியானால் உறுதியுள்ள குயின்ஸ்லாந்துக்காரர் ஒருவரைக் கூப்பிடுவோம் என்ற பொருளில் பதில் சொன்னார். பார்டர் குயின்ஸ்லாந்துக்கு ஆடியவர், ஜோன்ஸ் விக்டோரியா மாநிலத்தவர் என்பதை அறிந்தால் அச்சொல்லின் குத்தல் விளங்கும். ஜோன்ஸ் மேலும் 40 ஓட்டங்கள் எடுத்த பின்னரே சிவ்லால் யாதவின் பந்தில் ஆட்டமிழந்தார். பின்னர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு அவருக்கு உப்புநீர் ஏற்றப்பட்டது. இந்திய மண்ணில் அதுவரை ஆஸ்திரேலியர் எவரும் டெஸ்ட் போட்டியில் இரட்டைச் சதம் எடுத்ததில்லை.

பார்டரும் 106 ஓட்டங்கள் எடுக்க, ஆஸ்திரேலியா மூன்றாம் நாளில் 7 விக்கெட் இழப்புக்கு 574 ஓட்டங்களுடன் இன்னிங்சை முடித்துக்கொண்டது.

இந்தியாவின் மறுமொழி சீராக அமையவில்லை. ஸ்ரீகாந்த் 53, அசாருதீன் 50, ரவி சாஸ்திரி 62 ஓட்டங்கள் எடுத்தும், 245 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள் சரிந்தன. மீண்டும் உடனே மட்டை பிடிக்க வேண்டிய பாலோ ஆன் நிலையைத் தவிர்க்க 375 ஓட்டங்கள் தேவை. அந்த நிலையில் கபில் தேவ் 119 ஓட்டங்கள் எடுத்தார். அவருக்குத் துணையாகச் சேத்தன் சர்மா 30 ஓட்டங்களும் யாதவ் 19 ஓட்டங்களும் எடுத்தனர். இந்தியா 397 ஓட்டங்களை எட்டியது. சுழற்பந்து வீச்சாளர் கிரெக் மேத்யூஸ் 103 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

177 ஓட்டங்கள் முன்னிலையுடன் மீண்டும் ஆடிய ஆஸ்திரேலியா, நான்காம் நாள் முடிவில் 5 விக்கெட் இழப்புக்கு 170 ஓட்டங்கள் எடுத்திருந்தது. அன்றிரவு போட்டியைக் கவனித்த எவரும் டிராவைத் தவிர வேறு முடிவை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பார்டரின் அறிவிப்பு

ஐந்தாம் நாள் காலை பார்டர் தம் அணி இனி ஆடாது என்று அறிவித்தார். இந்தியாவின் இலக்கு 348 ஓட்டங்கள். குறைந்தது 87 ஓவர்கள் வீசப்பட வேண்டும். அதாவது, ஓவருக்குச் சரியாக 4 ஓட்டங்கள்.

இன்றைய ஆட்ட வேகத்தில் இது பெரிதாகத் தோன்றாது. 1986இல், தேய்ந்த ஐந்தாம் நாள் ஆடுகளத்தில், ஒரு நாள் முழுவதும் அந்த வேகத்தில் ஓட்டம் குவிப்பது மிகக் கடினம். அதே வேளையில் அது எட்டாக்கனியும் அன்று. ஆஸ்திரேலியா மேலும் ஒரு மணி நேரம் ஆடியிருந்தால் தோல்விக்கு இடமே இருந்திருக்காது. வெற்றிக்கும் இடம் இருந்திருக்காது. பத்து விக்கெட்டுகளை வீழ்த்த வேண்டுமானால் எதிரணிக்கும் வெல்லும் ஆசையைக் காட்ட வேண்டும் என்பது பார்டரின் கணக்கு. தொடர்ந்து தோற்றுவந்த அணியின் தலைவர் இதைச் செய்தது குறிப்பிடத்தக்கது. இப்போட்டியைப் பற்றிய பேச்சில் கடைசிப் பந்துக்குக் கிடைக்கும் புகழில் பாதியேனும் இந்த அறிவிப்புக்குச் சேர வேண்டும்.

ஐந்தாம் நாள்

இந்தியா காலை முதலே இலக்கை நோக்கி ஆடியது. ஸ்ரீகாந்த் 39 ஓட்டங்களில் வெளியேறியபோது மொத்தம் 55. அடுத்து கவாஸ்கரும் மொகிந்தர் அமர்நாத்தும் 103 ஓட்டங்கள் சேர்த்தனர். அமர்நாத் 51 ஓட்டங்கள் எடுத்தார். கவாஸ்கர் 90 ஓட்டங்களில் ரே பிரைட்டின் பந்தில் ஜோன்சிடம் பிடி கொடுத்தார். அப்போது மொத்தம் 204. அசாருதீன் 42 ஓட்டங்கள் எடுத்து 251இல் ஆட்டமிழந்தார். இரண்டு ஓட்டங்கள் கழித்து, முதல் இன்னிங்சின் நாயகரான கபில் தேவ் ஒரே ஓட்டத்துடன் வெளியேறினார். 253 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள். இன்னும் 95 ஓட்டங்கள் தேவை.

இந்த இடத்தில் இந்தியா கதவை அடைத்துக்கொண்டு டிராவுக்கு ஆடியிருக்கலாம். ஆடவில்லை. சாஸ்திரியும் சந்திரகாந்த் பண்டிட்டும் 38 ஓட்டங்களும், பின்னர் சாஸ்திரியும் சேத்தன் சர்மாவும் 40 ஓட்டங்களும் சேர்த்தனர். 331 ஓட்டங்களில் சர்மா வெளியேறியபோது தேவைப்பட்டவை 17 ஓட்டங்கள். கைவசம் 3 விக்கெட்டுகள். அதுவரை இந்தியாவின் பக்கம் சாய்ந்திருந்த ஆட்டம் அங்கே திரும்பியது. கிரண் மோரே ஓட்டம் எடுக்காமலே ஆட்டமிழந்தார். யாதவ், மேத்யூசின் பந்தில் ஓர் ஆறு ஓட்டம் அடித்தார். ஆனால் 344 ஓட்டங்களில் பிரைட் அவரை வீழ்த்தினார். 8 பந்துகள், 4 ஓட்டங்கள், 1 விக்கெட் எஞ்சியிருந்தன. கடைசி ஆட்டக்காரரான மணிந்தர் சிங் அந்த ஓவரின் எஞ்சிய இரு பந்துகளையும் தாக்குப்பிடித்தார்.

மேத்யூஸ் அன்று மட்டும் 39.5 ஓவர்கள் வீசினார். அந்த வெயிலிலும் கம்பளிச் சட்டையைக் கழற்றாமலே வீசினார் என்பது இப்போட்டியைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாக் கதைகளிலும் இடம்பெறும் செய்தி. பிற்பகலில் இரு அணியினருக்கும் இடையே வாக்குவாதங்களும் நேர்ந்தன. நட்பு சூழ்ந்த ஆட்டமாக இதைப் பின்னாளில் வருணிப்போர் இதை விட்டுவிடுகின்றனர்.

இறுதி ஓவர்

கடைசி ஓவரை மேத்யூஸ் வீச, சாஸ்திரி எதிர்கொண்டார்.

முதல் பந்தில் ஓட்டம் இல்லை. இரண்டாம் பந்தில் 2 ஓட்டங்கள். மூன்றாம் பந்தில் சாஸ்திரி 1 ஓட்டம் எடுத்தார். இப்போது இரு அணிகளும் சமம். மூன்று பந்துகள் மீதம். மட்டை முனையில் மணிந்தர். நான்காம் பந்தை அவர் தடுத்தார். ஐந்தாம் பந்து அவருடைய கால்காப்பில் பட்டது. ஆஸ்திரேலியர்கள் முறையிட, நடுவர் வி. விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். இந்தியா 347 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. ஒரு பந்து வீசப்படாமல் மீதமிருந்தது.

சாஸ்திரி அந்த ஓர் ஓட்டத்தை எடுத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது. மூன்றாம் பந்து வீசப்படும் முன் இந்திய வெற்றி, ஆஸ்திரேலிய வெற்றி, டிரா, சமன் ஆகிய நான்கு முடிவுகளுக்கும் இடம் இருந்தது. அந்த ஓர் ஓட்டம் ஆஸ்திரேலிய வெற்றியை முற்றாக நீக்கிவிட்டது. அதற்கு விலையாக, நன்கு நிலைத்து 48 ஓட்டங்களுடன் ஆடிக்கொண்டிருந்தவர் எதிர்முனைக்குச் செல்ல, அணியின் மிக நலிந்த ஆட்டக்காரர் மூன்று பந்துகளை எதிர்கொள்ள நேர்ந்தது. தோல்வியைத் தவிர்ப்பது முதற்கடமை என்று கொண்டால் சாஸ்திரி செய்தது சரியே. வெற்றியே குறி என்று கொண்டால் அவர் காத்திருந்திருக்கலாம். இரண்டுக்கும் நியாயம் உண்டு என்பதாலேயே இந்த விவாதம் முடிவதில்லை.

நடுவரின் தீர்ப்பு

பந்து தம் மட்டையில் பட்டுப் பின்னரே கால்காப்பில் பட்டது என்று மணிந்தர் கூறிவந்தார். தம் தீர்ப்பு சரியானதே என்பதில் விக்ரம்ராஜு உறுதியாக நின்றார். தீர்ப்பை மீளாய்வு செய்யும் தொழில்நுட்பம் எதுவும் அக்காலத்தில் இல்லை. நடுவர்களும் போட்டி நடக்கும் நாட்டைச் சேர்ந்தவர்களாகவே இருந்தனர். எனவே, சொந்த நாட்டு அணியின் வெற்றி வாய்ப்பை ஓர் இந்திய நடுவர், சொந்த நாட்டு மக்கள் நிறைந்த அரங்கில், நொடிப்பொழுதில் முடித்துவைத்தார். இதற்குப் பின் விக்ரம்ராஜு எந்த டெஸ்ட் போட்டியிலும் நடுவராக நிற்கவில்லை. மற்றொரு நடுவராகப் பணியாற்றியவர் தாரா தோட்டிவாலா.

ஆட்டநாயகர் விருது ஜோன்சுக்கும் கபில் தேவுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 249 ஓட்டங்கள் கொடுத்து 10 விக்கெட்டுகள் வீழ்த்திய மேத்யூசுக்கு அதில் பங்கில்லை. ஐந்தாம் நாள் ஆட்டத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது வியப்பளித்திருக்கும்.

சிறந்த போட்டி என்ற மதிப்பு

நெருக்கமாக முடியும் ஆட்டங்கள் எல்லாம் சிறந்த ஆட்டங்கள் அல்ல. இரு அணிகளும் மோசமாக ஆடினாலும் ஆட்டம் கடைசிப் பந்து வரை செல்லும். சென்னைப் போட்டி தனித்து நிற்பதற்குக் காரணம், அது அந்தக் கடைசிப் பந்தை அடைந்த வழியாகும். இரட்டைச் சதம் ஒன்று, சதங்கள் மூன்று, ஒரே வீச்சாளரின் பத்து விக்கெட்டுகள் ஆகியவை நிறைந்த ஆட்டம் அது. தோல்வியைத் தவிர்க்கும் எளிய வழி இருந்தும் இரு அணித்தலைவர்களும் அதை நாடவில்லை. பார்டர் காலையிலும் கபில் தேவின் அணி மாலையிலும் அவ்வழியை மறுத்திராவிட்டால், 744 என்ற எண்ணை இன்று எவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

கோப்பைக்கான இறுதிப் போட்டிகளிலும் இத்தன்மை காணப்படுவதுண்டு. 1991ஆம் ஆண்டு மே மாதம் மும்பை வான்கடே அரங்கில் நடந்த ரஞ்சிக் கோப்பை இறுதிப் போட்டியில், 355 ஓட்டங்கள் என்ற இலக்கைத் துரத்திய பம்பாய் அணி 352 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்து, கபில் தேவின் அரியானாவிடம் 2 ஓட்டங்களில் தோற்றது. முதல் இன்னிங்சில் பின்தங்கிய பம்பாய்க்கு டிரா பயன்படாது. வென்றாலொழியக் கோப்பை இல்லை. சச்சின் டெண்டுல்கர் 96 ஓட்டங்கள் எடுத்தார். திலீப் வெங்சர்க்கார் 139 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்று, கடைசி விக்கெட் விழுந்ததும் கண்ணீர் விட்டார்.

அமெரிக்காவின் அடிபந்தாட்டத்தில் சமன் என்பதற்குப் பெரும்பாலும் இடமில்லை. ஓட்டங்கள் சமமாக இருந்தால் கூடுதல் இன்னிங்சுகள் ஆடப்படும். பிரிஸ்பேன் சமன் போட்டி நடந்த அதே 1960ஆம் ஆண்டு, அக்டோபர் 13 அன்று, அந்நாட்டின் வாகையர் தொடரான உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம் பிட்ஸ்பர்க் நகரில் நடைபெற்றது. ஒன்பதாவது இன்னிங்சில் 9–9 என்றிருந்த நிலையில் பில் மசெரோஸ்கி பந்தை மதிலுக்கு அப்பால் அடித்து ஆட்டத்தையும் தொடரையும் ஒருசேர முடித்தார். 1991ஆம் ஆண்டு உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்சுகள் முடிந்தும் எந்த அணியும் ஓர் ஓட்டமும் எடுத்திருக்கவில்லை. பத்தாவது இன்னிங்சில் மின்னசோட்டா அணி 1–0 என்று வென்றது. அவ்வணியின் ஜாக் மோரிஸ் பத்து இன்னிங்சுகளிலும் தாமே பந்து வீசினார். மேத்யூசின் 39.5 ஓவர்களுடன் வைத்து எண்ணத்தக்க உழைப்பு அது.

கோப்பை ஒன்று வைக்கப்பட்டுவிட்டால் சமன் என்ற முடிவை ஏற்க இயலாது என்பது ஒரு சிக்கல். 2019ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று இலார்ட்சு அரங்கில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் 241 ஓட்டங்களே எடுத்தன. பின்னர் வீசப்பட்ட சூப்பர் ஓவரிலும் இரண்டும் 15 ஓட்டங்களே எடுத்தன. கூடுதலான எல்லை அடிகள் அடித்த அணி என்ற விதிப்படி கோப்பை இங்கிலாந்துக்குக் கொடுக்கப்பட்டது. கடுங்கண்டனங்களுக்குப் பின் அதே ஆண்டில் அவ்விதி கைவிடப்பட்டது. சென்னையில் அத்தகைய விதி எதுவும் குறுக்கிடவில்லை. கோப்பை இல்லாததே இங்கு ஆட்டத்துக்கு நன்மையாயிற்று: 347க்கு மேல் ஓர் ஓட்டம் இல்லை என்ற உண்மை, உண்மையாகவே பதிவாயிற்று.

பிற்பாடு

அடுத்து தில்லியில் நடந்த போட்டி மழையால் பாதிக்கப்பட்டும், மும்பைப் போட்டி வழக்கமான முறையிலும் டிராவாயின. தொடர் 0–0 என்று முடிந்தது.

ஓராண்டுக்குப் பின், 1987 அக்டோபர் 9 அன்று, இதே சேப்பாக்கத்தில் இவ்விரு அணிகளும் உலகக் கோப்பையில் மோதின. ஜோன்ஸ் அடித்த ஒரு பந்துக்கு நான்கு ஓட்டங்கள் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. அது எல்லையைத் தாண்டி விழுந்தது என்று ஆஸ்திரேலியர் முறையிட, இன்னிங்ஸ் இடைவேளையில் கபில் தேவின் இசைவுடன் ஆறாகத் திருத்தப்பட்டது. ஆஸ்திரேலியாவின் மொத்தம் 268இலிருந்து 270 ஆயிற்று. இந்தியா 269 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்து ஒரே ஓட்டத்தில் தோற்றது. ஒரு பந்து மீதமிருக்க, கடைசியாக ஸ்டீவ் வாவின் பந்தில் ஆட்டமிழந்தவர் அன்றும் மணிந்தர் சிங்தான். பார்டரின் அணி அவ்வாண்டு நவம்பர் 8 அன்று கொல்கத்தாவில் இங்கிலாந்தை 7 ஓட்டங்களில் வென்று முதன்முறையாக உலகக் கோப்பையைப் பெற்றது.

சேப்பாக்கத்தில் 210 ஓட்டங்கள் எடுத்த டீன் ஜோன்ஸ், பின்னாளில் தொலைக்காட்சி வருணனையாளராக இந்தியாவுக்குப் பலமுறை வந்தார். 2020 செப்டம்பர் 24 அன்று மும்பையில் காலமானார். சமன் போட்டியின் 34ஆம் ஆண்டு நிறைவு நாள் அதற்கு இரண்டு நாட்களுக்கு முன் கடந்திருந்தது.